முன்னாள் போராளிகளுக்கு அவசர உதவி கடனாக வரக்கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

2009இல் போர் முடிந்த பின் விடுதலைப் புலிகளின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு பெற்று வீடு திரும்பினார்கள். அவர்களுக்கென அரசு கொண்டுவந்த உதவிகளில் அதிகம் பேசப்பட்டது, 4% வட்டியில் ரூபா 250,000 வரையான சுயதொழில் கடன். கோழி வளர்க்கவும் கடை போடவும் அது சிலருக்குக் கைகொடுத்தது. ஆனால் அடுத்த கிழமை சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்கு வரச் சொல்லும்போது கடன் உதவாது. பிணையாளர் தேடி முடிப்பதற்குள் கிளினிக் திகதி போய்விடும். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் தம்மையும் விசாரிப்பார்களோ என்ற பயம் அயலவர்களுக்கு இன்னும் இருக்கிறது.

இந்த அவசரங்கள் பெரும்பாலும் சிறு தொகையில் தீர்பவை. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் இயங்காதவர்களைப் பாருங்கள். சிறுநீர் வெளியேற நிரந்தரமாகப் போட்டிருக்கும் குழாயான சாதாரண கதீற்றரை ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முழுச் சிலிக்கன் வகை பன்னிரண்டு வாரம் வரை தாங்கும். கையில் காசில்லாமல் மாற்றும் நாளைத் தள்ளிப்போட்டால் குழாய் அடைக்கும், தொற்று சிறுநீரகம் வரை ஏறும். படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தையின் மோட்டர் நின்றால் சில மணித்தியாலங்களிலேயே தோல் சிவக்கத் தொடங்கும். மோட்டரைத் திருத்தும் செலவு பெரிதல்ல. திருத்தாமல் விட்டுப் புண் எலும்புவரை போனால் மாதக்கணக்கில் வைத்தியசாலையில் கிடக்க வேண்டும்.

கால் இழந்தவர்களுக்கு வேறு சிக்கல். செயற்கைக் கால் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்தான் தாங்கும். அதற்கு முன்பே, எஞ்சிய காலின் சதை வற்றுவதால் கால் பொருந்தும் குழி தளர்ந்து உராயும், புண்ணாகும். அப்போது முழுக் காலையும் மாற்றத் தேவையில்லை. தடித்த காலுறை ஒன்றோ புதிய குழியோ போதும். 1987 முதல் இயங்கும் யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிலையத்திலும் றாகம புனர்வாழ்வு வைத்தியசாலையிலும் செயற்கைக் கால் வேலை நடக்கிறது. அங்கே போய்வரும் செலவு, கூட வருபவர் தங்குமிடம், அத்தனை நாளும் இழக்கும் கூலி ஆகியவற்றுக்குத்தான் வழியில்லை.

உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் இரும்புத் துண்டு இருந்தால் காந்தம் அதை அசைத்துவிடலாம். அதனால் முதலில் எக்ஸ்ரே அல்லது சி.ரி. ஸ்கான் கேட்பார்கள். அரச வைத்தியசாலையில் இயந்திரம் பழுது என்றால் வெளியே எடுக்க வேண்டும். அந்தத் தொகையைப் பஸ் காசோடு கிளம்பி வந்தவரால் கட்ட முடியாது.

ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கலாம். நல்ல மாற்றம் இது. அதே இடத்தில் ரூபா 50,000 வரையான அவசரக் கொடுப்பனவு ஒன்றையும் ஏற்படுத்துங்கள் என்று கேட்கிறோம். பிணை வேண்டாம். வைத்தியரின் கடிதமும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் போதும். மூன்று வேலை நாளுக்குள் பணம் ஸ்கான் நிலையத்துக்கோ மருந்தகத்துக்கோ நேரே போகட்டும். பயணத்துக்கு மட்டும் கையில் காசு. பற்றுச்சீட்டைப் பிறகு கொடுக்கலாம். காயமடைந்த படையினருக்கு 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ரணவிரு சேவை அதிகாரசபை இருக்கிறது. அது இருக்கவே வேண்டும். முன்னாள் போராளிகளுக்கான நிதியை 2018இன் 34ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான இழப்பீட்டுக்கான அலுவலகத்தின் கீழ் வைப்பதா, பிரதேச செயலாளரின் கீழ் வைப்பதா என்பது பேசித் தீர்க்கக்கூடியது.

விண்ணப்பம் அதிகம் தடைப்படுவது பெயரில்தான். அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் வேறொன்று, புனர்வாழ்வு விடுவிப்புக் கடிதத்தில் சிங்களத்திலிருந்து பெயர்த்த மூன்றாவது ஒன்று. கொடுப்பனவு திரும்பி வந்த பிறகுதான் பலருக்கு இது தெரிகிறது. மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி ஒன்றை இப்போதே முடித்துப் பிரதிகளை வைத்திருங்கள். நீண்டகாலம் பாவிக்காத வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும். சிறு தொகை போட்டு எடுத்து, அது இயங்குகிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். வங்கிக்கு வெளியே ஆள்மூலம் கைமாறும் உண்டியலில் காசு அனுப்பாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வாங்கியவரிடம் காட்ட ஒன்றுமிராது. வங்கி மூலம், எதற்கான பணம் என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். உதவி பெறுபவரின் புண்ணையும் வீட்டையும் படமெடுத்து யூரியூப்பில் போடுவதை நிபந்தனையாக்க வேண்டாம். அதற்குப் பயந்தே கேட்காமல் இருப்பவர்கள் பலர். கணக்குக் காட்ட மருந்தகப் பற்றுச்சீட்டின் படம் போதும், அதிலும் பெயரை மறைத்து.

இங்ஙனம்,
வாசகர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06