வாசகர் கையில் இருக்கும் தாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அந்தக் கேம்புக் தொடரின், அதாவது எண்ணிட்ட பத்திகளுக்கு இடையே வாசகரே வழி தேர்ந்து தாவி விளையாடும் கதைத் தொடரின், கடைசி இரண்டு புத்தகங்களை எழுதி முடித்துத் தர ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தாய். எழுதியவர் காலமாகிவிட்டார், அவர் வீட்டார் உன்னை நம்பிக் குறிப்புகளை எல்லாம் ஒப்படைத்திருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டாய். கதையை இப்போதைக்குத் தொடாதே. வாசகர் கையில் இருக்கும் தாளிலிருந்து தொடங்கு.

நாவலாசிரியர் இறந்தால் நாயகனும் அவரோடு நின்றுவிடுவான். கேம்புக்கில் அப்படி இல்லை. நாயகன் வாசகரிடம் இருக்கிறான். பென்சிலால் எழுதிய ஒரு தாளில் அவனுடைய சண்டைத் திறன், உயிர்ச்சக்தி, பையில் உள்ள பொருள்கள், இடுப்புப் பையில் மிச்சமிருக்கும் பொற்காசுகள் எல்லாம் இருக்கின்றன. அடுத்த புத்தகத்துக்காக அவன் அங்கே காத்திருக்கிறான். நீ எழுதப்போவது அவனுக்காகத்தான்.

இதற்கு முன்மாதிரியாக லோன் வுல்ஃப் தொடரை எடுத்துக்கொள். ஜோ டெவர் இங்கிலாந்தில் 1984இல் தொடங்கியது. மொத்தம் 32 நூல்கள் என்று திட்டம். 1998இல் 28ஆவது நூலோடு பதிப்பு நின்றுபோனது. வழக்கமாக 350 பத்திகள் இருக்கும். அந்த 28ஆவதில் 300தான். அடுத்த ஆண்டே, நூல்களை இணையத்தில் இலவசமாக வெளியிட வாசகர் குழு ஒன்றுக்கு டெவர் அனுமதி கொடுத்தார். பிராஜெக்ட் ஏயான் என்று பெயர். தொடர் அழியாமல் இருந்ததற்கு அந்த அனுமதி பெரிய காரணம் என்பது என் கருத்து. 29ஆவது நூல் ஆங்கிலத்தில் 2016இல் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 29இல், 60 வயதில், டெவர் இறந்தார். 30ஆவது நூலிலிருந்து அவர் மகன் பென் டெவரும் வின்சன்ட் லாசாரியும் சேர்ந்து எழுதினார்கள், அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து.

முதலில் குறிப்புகளைப் பிரி. மூன்று கட்டு போதும். ஆசிரியர் முடிவாகச் சொன்னவை ஒன்று. யோசித்துப் பார்த்தவை ஒன்று. ஒன்றோடொன்று முரண்படுபவை ஒன்று. தேதி இருந்தால் ஒவ்வொரு தாளின் மூலையிலும் எழுதிவை. பிந்திய தேதியே எப்போதும் வெல்லும் என்று நினைக்காதே. நோயோடு இருந்த நாள்களில் அவசரமாக எழுதிய ஒரு வரி, பத்து ஆண்டு யோசித்துச் செய்த திட்டத்தை மாற்றுவதாகத் தோன்றலாம். அப்படிப்பட்டதை வீட்டாரிடம் கேட்டபிறகு முடிவு செய். நீ சேர்ப்பது எதுவாக இருந்தாலும் வேறு நிறத்தில் எழுது. ஆறு மாதம் கழித்து எது அவருடையது, எது உன்னுடையது என்று உனக்கே தெரியாமல் போய்விடும்.

அடுத்தது ஒரு பேரேடு. வந்துபோன புத்தகங்கள் அனைத்தையும் திரும்ப வாசித்து, ஆள்கள், ஊர்கள், பொருள்கள், விதிகள் எல்லாவற்றையும் அதில் ஏற்று. நாவலுக்கு இல்லாத ஒரு கட்டம் இதில் வேண்டும்: இது எல்லா வழியிலும் நடந்ததா, சில வழியில் மட்டும் நடந்ததா? மூன்றாம் புத்தகத்தில் ஒரு படகோட்டி 212ஆவது பத்தியில் சாகிறான் என்று வை. ஆற்றைத் தவிர்த்துக் காட்டுவழியில் போன வாசகருக்கு அவன் உயிரோடுதான் இருக்கிறான். எட்டாம் புத்தகத்தில் அவனை வரவழைத்தால் ஒருவருக்குப் பேய் வந்ததுபோல் இருக்கும். செத்துவிட்டான் என்று எழுதினால் இன்னொருவருக்கு ஒன்றும் புரியாது. ஆகவே எல்லா வழிகளும் வந்து கூடும் பத்திகளில் நடந்ததை மட்டுமே கதையின் வரலாறாக எடுத்துக்கொள். மற்றதெல்லாம் அந்தந்த வாசகரின் சொந்த நினைவு. தேவைப்பட்டால் கேள்வியாகக் கேட்கலாம்: "படகோட்டியின் மோதிரம் உன்னிடம் இருந்தால்..." என்று.

இப்போது கணக்கு. இங்கேதான் தொடர்கள் உடைகின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படி.

லோன் வுல்ஃப் முதல் வரிசையில் பகடை கிடையாது. 0 முதல் 9 வரை எண்கள் அச்சிட்ட ஒரு கட்டம். கண்ணை மூடி, பென்சிலின் மழுங்கிய முனையால் தொட வேண்டும். வந்த எண்ணோடு 10 கூட்டினால் சண்டைத் திறன், 20 கூட்டினால் உயிர்ச்சக்தி. சண்டை என்றால் உன் திறனிலிருந்து எதிரியின் திறனைக் கழிக்க வேண்டும். அந்த வித்தியாசத்துக்கு அட்டவணையில் ஒரு வரிசை உண்டு. தொட்ட எண்ணைப் பொறுத்து இரண்டு பேரும் எவ்வளவு இழக்கிறார்கள் என்று அதில் இருக்கும். வித்தியாசம் பூஜ்யமானால், 1 வந்தால் எதிரிக்கு 3, உனக்கு 5. 5 வந்தால் எதிரிக்கு 7, உனக்கு 2. 0 வந்தால் எதிரிக்கு 12, உனக்கு ஒன்றுமில்லை. பத்து எண்களையும் கூட்டிச் சராசரி பார்த்தால் சுற்றுக்கு எதிரி 7.5 இழக்கிறான், நீ 2.1 இழக்கிறாய். அட்டவணை வாசகர் பக்கம் நன்றாகவே சாய்ந்திருக்கிறது. ஒன்றைக் கவனி: திறனை நிர்ணயிக்கும்போது 0 என்பது மிக மோசம், சண்டையில் 0 என்பது மிகச் சிறப்பு. உன் தொடரிலும் இப்படி ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள் இருந்தால், அதை விதிப் பக்கத்தில் தனி வரியாக எழுது. புதிய வாசகர் இடறும் இடம் அது.

சிக்கல் எங்கே வருகிறது? வாசகர்கள் ஒரே மாதிரி வருவதில்லை. முதல் நூலில் பத்து வித்தைகளில் ஐந்தைத் தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொரு நூல் முடிந்ததும் ஒன்று கூடும். ஐந்தாம் நூலுக்கு முதலிலிருந்து வருபவர் ஒன்பது வித்தைகளோடு வருவார். நேரே அங்கே தொடங்குபவருக்கு ஐந்துதான். இரண்டாம் நூலில் கிடைக்கும் சாமர்ஸ்வெர்ட் என்ற வாள் சண்டைத் திறனில் 8 கூட்டும். வித்தைகளில் ஆயுதப் பயிற்சிக்கு 2, மனத்தாக்குதலுக்கு 2. இவற்றை மட்டும் கணக்கிட்டால், கட்டத்தில் 0 வந்த மிக எளியவரின் திறன் 10, 9 வந்த மிக வலியவரின் திறன் 31. இந்த இருவருக்கும் முன்னால் திறன் 21, உயிர்ச்சக்தி 21 உள்ள ஒரே எதிரியை நிறுத்திப் பார். வலியவருக்கு வித்தியாசம் கூட்டல் 10. இரண்டு மூன்று சுற்றில் முடித்துவிட்டுப் போவார். எளியவருக்குக் கழித்தல் 11. அந்த வரிசையில் 1 அல்லது 2 வந்தாலே உடனடி மரணம். எதிரி சுற்றுக்குச் சராசரி 2.1தான் இழக்கிறான், அவனை வீழ்த்தப் பத்துச் சுற்று வேண்டும். பத்துச் சுற்றிலும் 1, 2 வராமல் தப்பிக்க நூற்றுக்குப் பதினோரு வாய்ப்புதான். மற்ற எண்களில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் அதுவும் கரைந்துவிடும்.

புதிதாக வரும் எழுத்தாளர் செய்யும் தவறு, வலிய வாசகருக்குச் சவாலாக இருக்கட்டும் என்று எதிரியை ஏற்றிக்கொண்டே போவது. ஏற்ற ஏற்ற, அந்த வாள் இல்லாத ஒருவரும் புத்தகத்தை முடிக்க முடியாது. எண்ணை ஏற்றாமல் நிலைமையை மாற்று. மனத்தாக்குதல் பலிக்காத எதிரி, இரண்டு சுற்றுக்குப் பிறகு தப்பியோட வழி, சண்டையே இல்லாமல் ஆனால் உணவையோ காசையோ இழந்து கடக்கும் வழி. டெவர் தாமே அந்த வாளை அடக்க வேண்டியிருந்தது. 12ஆவது நூலில் நாயகன் எதிரி நாட்டுக்குள் போகும்போது, வாளின் சக்தி வெளியே தெரியாமல் மறைக்கும் கோர்லினியம் உறை வருகிறது. வலிமையைப் பிடுங்கவில்லை, பயன்படுத்துவதற்கு ஒரு விலை வைத்தார். வாசகர் உழைத்துச் சம்பாதித்த பொருளைத் திருடன் வந்து எடுத்துப்போனான் என்று முதல் பத்தியிலேயே எழுதாதே. அதை யாரும் மன்னிப்பதில்லை.

இதற்காக நான்கு தாள் தயார் செய். மிக எளிய புதியவர், நடுத்தரப் புதியவர், சிறப்பு ஆயுதம் இல்லாத பழைய வாசகர், எல்லாம் வைத்திருக்கும் பழைய வாசகர். ஒவ்வொரு சண்டையையும் நால்வருக்கும் கணினியில் ஆயிரம் தடவை ஓட்டிப் பார். சிறிய நிரல் போதும். கடைசிச் சண்டையில் எளியவர் பத்துக்கு ஒரு தடவையாவது வெல்ல வேண்டும். வலியவர் பத்துக்கு ஒரு தடவையாவது தோற்க வேண்டும். இது நான் வைக்கும் அளவு. உன் ஆசிரியரின் பழைய புத்தகங்களை இதேபோல் ஓட்டிப் பார்த்தால் அவருடைய அளவு தெரிந்துவிடும். அதையே பிடித்துக்கொள்.

காயம் ஆறுவதையும் கணக்கில் சேர். குணமாக்கும் வித்தை உள்ளவருக்குச் சண்டை இல்லாத ஒவ்வொரு பத்திக்கும் உயிர்ச்சக்தி 1 கூடும், தொடக்க அளவைத் தாண்டாமல். இதன் விளைவு என்ன தெரியுமா? நீ ஒரு பயணத்தை அழகுக்காக மூன்று பத்தியாகப் பிரித்து எழுதினால், வாசகருக்கு மூன்று புள்ளி தானம் கொடுக்கிறாய். ஒரே பத்தியாக எழுதினால் ஒன்றுதான். நடை பற்றிய முடிவு என்று நீ நினைப்பது அங்கே மருந்தாகிறது.

பிறகு வரைபடம். 350 பத்திக்கு ஆறிலிருந்து எட்டு முடிச்சு வைத்துக்கொள், எல்லா வழியும் வந்து சேரும் இடங்கள். நடுவில் கிளைகள் எவ்வளவு வேண்டுமானாலும் விரியட்டும். எழுதும்போது எண் போடாதே. "சத்திரம்-3", "பாலம்-உடைந்தது" என்று பெயர் வை. எல்லாம் முடிந்த பிறகுதான் கலைத்து எண் கொடுக்க வேண்டும். முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் மட்டும் இடம் மாறாமல் இருக்கட்டும். ஒரு பத்தியிலிருந்து நேரே போகும் பத்தி, விரித்து வைத்த அதே இரண்டு பக்கங்களில் கண்ணில் படக்கூடாது. பட்டால் முடிவு முன்பே தெரிந்துவிடும். படம் வரும் பத்திகளை முதலில் நிறுத்திவிட்டு மற்றதை அவற்றைச் சுற்றிக் கலை. படம் பத்திக்கு இரண்டு பக்கம் முன்னால் விழுந்தால் பூதத்தை வாசகர் முதலிலேயே பார்த்துவிடுவார்.

எண் போட்டதும் நான்கு பிழைகளைத் தேடு. எந்த இடத்திலிருந்தும் யாரும் வராத அனாதைப் பத்தி. இல்லாத எண்ணுக்கு அனுப்பும் வரி. சுற்றிவந்து ஒரே புதையலை இரண்டு தடவை எடுக்க விடும் வளையம். நான்காவது இதுவரை சொன்னவற்றிலேயே மோசமானது: ஒரு பொருள் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு, இல்லாதவர் எங்கே போவது என்று சொல்லாமல் விடுவது. சாவி இல்லாதவருக்கும் ஒரு பத்தி வேண்டும், அது மரணமாகவே இருந்தாலும்.

பழைய வாசகர்கள் திருத்தப் பட்டியல் வைத்திருப்பார்கள், தேடிப் பிடி. பிராஜெக்ட் ஏயான் குழுவினர் ஒவ்வொரு நூலுக்கும் பிழைகளையும் விதிக் குழப்பங்களையும் ஒழுங்காகத் தொகுத்திருக்கிறார்கள். விதி தெளிவில்லாத இடத்தில் வாசகர்கள் பல ஆண்டுகளாக எப்படி விளையாடி வந்தார்களோ அதுவே இப்போது விதி. நீ புதிதாகத் தீர்ப்பு சொன்னால் அவர்கள் தாள் தவறாகிவிடும்.

நடையைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, உனக்கு அது வரும். அவருடைய ஐம்பது பத்திகளை எடுத்துச் சொல் எண்ணிக்கை பார். மரணப் பத்திகளைத் தனியாகப் பார். பெரும்பாலும் எல்லாம் ஒரே அச்சில் முடியும். அந்தக் கடைசி வரியை ஓர் எழுத்துகூட மாற்றாதே. முன்னிலையில் எழுதுவதால் வாசகர் மனத்தில் என்ன தோன்றியது என்று நீ சொல்லக்கூடாது. மழை நனைக்கட்டும், கதவு சூடாக இருக்கட்டும். பயந்தது யார் என்று அவரே பார்த்துக்கொள்வார்.

ஓவியத்தை வீட்டாரிடம் இப்போதே பேசு. லோன் வுல்ஃபில் முதல் எட்டு நூல்களுக்கு கேரி சாக் வரைந்தார், ஒன்பதிலிருந்து 28 வரை பிரையன் வில்லியம்ஸ். கை மாறியபோது அந்த உலகமே வேறு முகம் காட்டியது. பழைய படங்களின் உரிமை எழுத்தின் உரிமையோடு சேர்ந்து வராமல் இருக்கலாம், வரைபடத்துக்கும் அப்படியே. இங்கிலாந்துச் சட்டப்படி எழுத்துரிமை ஆசிரியர் இறந்த பிறகு 70 ஆண்டு வாரிசுகளிடம் இருக்கும். உன் பெயர் அட்டையில் எங்கே வரும், புதிதாக நீ படைக்கும் பாத்திரம் யாருக்குச் சொந்தம், குறிப்புகளை மீற வேண்டி வந்தால் யாரிடம் கேட்பது, மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்.

எண் போட்ட பிரதி தயாரானதும் காகிதத்தில் அச்செடுத்து எனக்கு அனுப்பு. திரையில் பார்க்கும்போது முன்னும் பின்னும் புரட்டுவது சரியாக வருவதில்லை. நான்கு தாள்களையும் சேர்த்தே அனுப்பு. மிக எளியவரின் தாளை நான் எடுத்துக்கொள்கிறேன். எண் கட்டத்தை அனுப்பும் முன் ஒவ்வோர் எண்ணும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிவிடு. நூறு கட்டமென்றால் பத்துப் பத்தாக இருக்க வேண்டும். கண்ணை மூடித் தொட்டால் பென்சில் பெரும்பாலும் நடுவில்தான் விழும். அங்கே ஒரே எண் குவிந்திருக்காமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா