பத்தோங்கிலிருந்து நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

தாய்லாந்தின் புக்கெட் தீவில், பத்தோங் கடற்கரைப் பக்கம் இருக்கும் நம் சாப்பாட்டுக் கடையைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். சிலர் அதை எனக்கே அனுப்பி, "அண்ணே, இது உண்மையா?" என்று கேட்டீர்கள். மசால் தோசை 150 பாட் ஆகிவிட்டது என்பது அதில் ஒரு குறை. அது உண்மைதான், காரணத்தைச் சொல்கிறேன். ஆனால் "தாய்லாந்துக்காரனுக்கு ஒரு விலை, நம்மூர்க்காரனுக்கு ஒரு விலை" என்று எழுதியிருக்கிறார்களே, அதை முதலில் பேசிவிட வேண்டும்.

வாசலில் தாய்லாந்து எழுத்தில் ஒட்டியிருக்கும் மதியச் சாப்பாட்டு விலைத் தாளைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் 80 பாட் என்று இருக்கிறது. அது சோறு, ஒரு குழம்பு, ஒரு ஆம்லெட், அவ்வளவுதான். டாக்சி ஓட்டுபவர்களும் பக்கத்து மசாஜ் கடைப் பெண்களும் கிடைக்கிற அரைமணி நேரத்தில் வந்து சாப்பிட்டுப் போவது. நம்மவர்கள் சாப்பிடும் இலைச் சாப்பாட்டில் சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், அப்பளம், தயிர், பாயசம் எல்லாம் உண்டு. கேட்கக் கேட்கச் சோறும் உண்டு. இரண்டும் எப்படி ஒரே விலையாகும்? தமிழில் கேட்டாலும் அந்தத் தட்டு 80 பாட்தான். கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம், இனியும் கொடுப்போம். மழைக்காலத்தில் எங்கள் அடுப்பு எரிவதே அந்த டாக்சிக்காரர்களால்தான், அதையும் சொல்ல வேண்டும். இப்போது இரண்டு மெனுவையும் தமிழ் விளக்கத்தோடு சுவரில் அருகருகே மாட்டிவிட்டோம். யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம்மவர்களை நம்பித்தான் இங்கே கடையே போட்டேன். அவர்களிடமே ஏமாற்றுகிறேன் என்ற அந்த ஒரு வரி என்னையும் என் மனைவியையும் தூங்கவிடவில்லை.

சரி, விலைக்கு வருகிறேன். புக்கெட்டில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் சீசன். மே மாதம் மழை பிடித்துவிட்டால் கடலில் இறங்கக் கூடாது என்று கடற்கரையில் சிவப்புக் கொடி ஏறிவிடும், தெருவும் காலியாகும். வாடகைக்கு மட்டும் மழை, வெயில் கிடையாது. இந்த நாட்டில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. மூன்று ஆண்டுக்கு மேல் குத்தகை எழுதினாலும், நில அலுவலகத்தில் பதியாவிட்டால் அது மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். பதிவுக்கு வர எல்லா உரிமையாளர்களுக்கும் மனமிருப்பதில்லை. அதனால் கெடு முடியும்போதெல்லாம் கூடுதல் வாடகை, அதற்கு மேல் மறுபடியும் ஒரு கீ மணி, அதாவது இடத்துக்காக உரிமையாளருக்கு மொத்தமாகக் கொடுக்கும் தொகை. கடை நன்றாக ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால் அந்தத் தொகை இன்னும் ஏறும். இந்த முறை எங்களுக்கு நடந்தது அதுதான்.

அப்புறம் ஆள் சம்பளம். 2024-ல் புக்கெட்டில் குறைந்தபட்ச நாள் கூலி 370 பாட், 2025 ஜனவரியிலிருந்து 400 பாட். உழைப்பவர்களுக்குக் கூடியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு வெளிநாட்டவர் இங்கே முறையாக வேலை செய்து விசாவை நீட்டிக்க வேண்டுமென்றால், அந்த ஒருவருக்காகக் கம்பெனி 20 லட்சம் பாட் மூலதனம் காட்ட வேண்டும், நான்கு தாய்லாந்து ஊழியர்களையும் வைத்திருக்க வேண்டும். எனக்கும் மாஸ்டருக்கும் சேர்த்தால் இரட்டிப்பு. செப்டம்பரில் மேசைகள் காலியாகக் கிடந்தாலும் எட்டுப் பேர் சம்பளம் நிற்காது. வேலை அனுமதி இல்லாமல் வெளிநாட்டு முதலாளியே தட்டெடுத்து வைத்தாலும் இங்கே குற்றம். வீட்டு ஆட்களை வைத்துச் சமாளிக்கலாமே என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் இங்கிலாந்துக்காரர்களும் ஆஸ்திரேலியர்களும் நடத்திய பார்கள் எத்தனையோ வந்து போய்விட்டன. பெரும்பாலும் விடுமுறைக்கு வந்து, ஊர் பிடித்துப்போய், டிசம்பர் கூட்டத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள். அடுத்த மழைக்குள் கைக்காசு கரைந்துவிடும். சோம்பேறிகள் என்று யாரும் சொல்ல முடியாது, விடிய விடிய உழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று ஆன பிறகு நம்மவர் கூட்டம் கூடியது உண்மை. கூடவே இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் கூடின. சுற்றுலாக் குழுவை அழைத்து வருபவர்களில் பலர் தலைக்கு இவ்வளவு கமிஷன் என்று கேட்கிறார்கள். நாங்கள் கொடுப்பதில்லை. கொடுத்தால் அது உங்கள் பில்லில்தான் ஏறும். அதனால் அந்த வண்டிகள் நம் வாசலில் நிற்பதில்லை.

பெருங்காயம், நல்லெண்ணெய், காபித்தூள் எல்லாம் பாங்காக்கில் இந்தியக் கடைகள் நிறைந்த பாஹுரத் பகுதியிலிருந்து லாரியில் வரவேண்டும். அந்தச் செலவையும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பரோட்டா மாஸ்டர் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் மதுரைக்குத் திரும்பிவிட்டார். அவர் இடத்துக்கு வருபவருக்கு வேலை விசா வாங்கும் ஏற்பாடு சென்னையிலுள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தில் நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை இரவில் இட்லி, தோசை, இடியாப்பம் உண்டு. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேரும்.

2020-ல் கொரோனாவால் விமானங்கள் நின்று, தடுப்பூசி போட்ட வெளிநாட்டவரைத் தனிமைப்படுத்தாமல் தீவுக்குள் விட்ட புக்கெட் சாண்ட்பாக்ஸ் திட்டம் 2021 ஜூலையில் தொடங்கும்வரை தெருவே இருண்டு கிடந்தபோது, இந்தத் தீவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பார்சல் வாங்கியே எங்களைக் காப்பாற்றினீர்கள். வேண்டாத நாளிலும் நான்கு இட்லி வாங்கிப் போனவர்கள் யார் யார் என்று எங்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் குழந்தைகளோடு வந்து, ஓட்டலில் பெட்டியை வைத்ததும் நேராக நம் கடைக்கு வருபவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இன்னும் சந்தேகம் இருந்தால் கல்லாவில் என்னிடமே கேளுங்கள். வாடகை ரசீதைக்கூடக் காட்டுகிறேன். தீபாவளியன்று காலை 7 மணிக்கே கடை திறந்திருக்கும். எத்தனை பேர் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அத்தனை இலையும் எடுத்து வைத்துவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் பத்தோங் கடைக்காரர்