தேவையைக் கேட்காமல் விற்ற யூஸ்நெட் சந்தா: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
2024 ஜூன் 18

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பம்பலப்பிட்டி, கொழும்பு 04.

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

கடந்த ஏப்ரல் 22ஆம் திகதி உங்கள் கடையில் யூஸ்நெட் (உலகெங்கும் உள்ளவர்கள் விடயவாரியான குழுக்களில் செய்தி எழுதி வாசிக்கும் பழைய இணைய அமைப்பு) சேவை ஒன்றுக்கு ஒரு வருடச் சந்தா எடுத்தேன். 42,000 ரூபா. பிறகு மே 9ஆம் திகதி, உங்கள் ஆட்கள் சொன்னதை நம்பி, வேறொரு நிறுவனத்தின் 'புளொக்' கணக்கு (குறிப்பிட்ட அளவு தரவிறக்கத்துக்கு மட்டும் ஒரே தடவை பணம் கட்டுவது) ஒன்றையும் 9,500 ரூபா கொடுத்து எடுத்தேன். இரண்டும் எனக்குப் பயன்படவில்லை. பயன்படாது என்று விற்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு என்ன வேண்டும் என்பதைக் கடைக்குள் வந்த முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டேன்.

நான் நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 1994இல் இங்கிலாந்தில் மேற்படிப்புப் படித்தபோதுதான் யூஸ்நெட் எனக்குப் பழக்கமானது. வாய்க்காலில் நீரின் ஆழத்தைக் கணக்கிட ஃபோர்ட்ரான் 77 என்ற கணினி மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். பழைய மெஷினில் ஒழுங்காக ஓடியது, பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் மெஷினில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை தந்தது. இரண்டு கிழமை தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, யூஸ்நெட்டில் அந்த மொழி பற்றிய கொம்ப்.லாங்.ஃபோர்ட்ரான் குழுவில் கேள்வியைப் போட்டுவிட்டுப் படுக்கப் போனேன். விடிந்து பார்த்தால் பதில் வந்திருந்தது. சப்ரூட்டீனுக்குள் (புரோகிராமின் துணைப் பகுதிக்குள்) இருக்கும் மாறிகள் ஓர் அழைப்பிலிருந்து அடுத்த அழைப்புவரை தம் மதிப்பை வைத்திருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். 'சேவ்' என்று ஒரு வரி எழுதாவிட்டால் அதற்கு மொழி உத்தரவாதம் தராது, பழைய மெஷினின் கம்பைலர் (புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) தற்செயலாக அப்படி வைத்திருந்தது, அவ்வளவுதான். முகம் தெரியாத ஒருவர் ஒரு பக்கத்துக்குப் பொறுமையாக விளக்கியிருந்தார். அந்த நன்றி எனக்கு இன்றும் இருக்கிறது.

ஊருக்குத் திரும்பிய பிறகு, இணைய வசதி கிடைத்த காலத்திலிருந்து, யூஸ்நெட்டை இணையப் பக்கத்தில் காட்டிய கூகுள் குரூப்ஸ் வழியாக அந்தக் குழுவை வாசித்துக்கொண்டிருந்தேன். 2024 பெப்ரவரி 22ஆம் திகதியோடு கூகுள் யூஸ்நெட்டின் புதிய செய்திகளை எடுப்பதையும் அனுப்புவதையும் நிறுத்திவிட்டது. அதனால்தான் உங்களிடம் வந்தேன். கடையில் நான் கேட்டவை இரண்டே இரண்டு. ஒன்று, அந்தக் குழுவில் புதிதாக வருவதை வாசிக்கவும் பதில் எழுதவும் வேண்டும். மற்றது, 1994இல் நான் போட்ட கேள்வியையும் வந்த பதிலையும் மறுபடி பார்க்க வேண்டும்.

விற்பனைப் பகுதியில் இருந்த தம்பி அமைதியாகக் கேட்டுவிட்டு, "அங்கிள், இதில எல்லாமே இருக்கு, 5,000 நாள் ரிடென்ஷன்" என்று, 5,000 நாள் பழைய செய்திவரை வைத்திருக்கும் ஒரு திட்டத்தைக் காட்டினார். அளவில்லாத தரவிறக்கம், ஒரே நேரத்தில் 50 இணைப்பு, கூடவே இணைய இணைப்பை மறைத்து அனுப்பும் விபிஎன். அந்தத் தம்பிமீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது தெரிகிறது. கோபமெல்லாம் சொல்லிக்கொடுக்காமல் அவரை அந்த மேசையில் இருத்தியவர்கள்மீதுதான்.

5,000 நாள் என்றால் என்ன என்று ஒரு கல்குலேட்டரை எடுத்துப் பார்த்திருந்தால் போதும். பதின்மூன்று வருடமும் சில மாதங்களும். நான் வாங்கிய நாளிலிருந்து பின்னே போனால் 2010ஆம் ஆண்டில் நின்றுவிடும். நான் தேடிய செய்தியோ ஏறத்தாழ 10,800 நாள் பழையது. அந்தத் திட்டத்தில் அது கிடைக்க வாய்ப்பே இல்லை. "எல்லாமே இருக்கு" என்று எனக்குச் சொல்லப்பட்டது உண்மையில்லை.

இது ஏன் இப்படி என்பதை உங்கள் ஆட்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். யூஸ்நெட் ஒரு கம்பனியின் சொத்து அல்ல. 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டொம் ட்ரஸ்கொட், ஜிம் எலிஸ் இருவரும் யோசித்து, 1980இல் இயங்கத் தொடங்கியது. ஒருவர் தன் சேர்வரில் ஒரு செய்தியைப் போட்டால் அந்தச் சேர்வர் அதைப் பக்கத்துச் சேர்வருக்குக் கொடுக்கும், அது அடுத்ததற்குக் கொடுக்கும். இப்படியே உலகம் முழுவதும் பிரதி போய்ச்சேரும். நடுவில் ஒரு பெரிய களஞ்சியம் கிடையாது. ஒவ்வொரு சேர்வரும் தன்னிடம் வந்த பிரதியைத் தான் விரும்பும் காலம்வரை வைத்திருக்கும். அந்தக் காலத்தைத்தான் ரிடென்ஷன் என்கிறார்கள். கட்டணச் சேவைகள் பெருமையாகச் சொல்லும் அந்தப் பெரிய எண் முக்கியமாக அல்ட்.பைனரீஸ் குழுக்களில் வரும் பெரிய கோப்புகளைத் தேடுபவர்களுக்கானது. வெறும் எழுத்து வாசிக்கும் என்னைப் போன்ற ஒருவருக்கு 50 இணைப்பும் வேண்டாம், அளவில்லாத தரவிறக்கமும் வேண்டாம். ஒரு செய்தி சில கிலோபைட்தான். ஒரு நாளைக்கு நூறு செய்தி வாசித்தாலும் ஒரு மெகாபைட்டைத் தாண்டுவது கஷ்டம்.

பழைய செய்தி கிடைக்கவில்லை என்று மே மாதம் வந்து சொன்னேன். அப்போது தரப்பட்ட ஆலோசனைதான் புளொக் கணக்கு. "ஒரு கம்பனியில இல்லாதது மற்றதில இருக்கும்" என்றார்கள். அந்த யோசனையில் தவறில்லை. காலாவதித் திகதி இல்லாத ஒரு சின்னக் கணக்கைத் துணைக்கு வைத்திருப்பது கோப்பு எடுப்பவர்களிடம் வழக்கமாக உள்ள ஏற்பாடுதான். ஆனால் இரண்டாவது நிறுவனம் வேறு சேர்வர்த் தொகுதியைப் பயன்படுத்தினால்தான் அதற்கு அர்த்தம். கடைப்பெயர்கள் நிறைய இருந்தாலும் பின்னால் நிற்கும் தொகுதிகள் கொஞ்சம்தான். பல பெயர்கள் ஒரே தொகுதியை வாங்கி மறுவிற்பனை செய்கின்றன.

எனக்கு விற்றது அதே தொகுதிதான். இதை ஊகமாகச் சொல்லவில்லை. யூஸ்நெட் செய்தி ஒவ்வொன்றின் மேலேயுள்ள தலைப்புப் பகுதியிலும் 'பாத்' என்று ஒரு வரி இருக்கும். அந்தச் செய்தி எந்தெந்தச் சேர்வர் வழியாக வந்தது என்று ஆச்சரியக்குறியால் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கும். ஒரே செய்தியை இரண்டு கணக்கிலும் திறந்து அந்த வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பத்துச் செய்திகளில் பத்திலும் ஒரே பெயர்கள், ஒரே ஒழுங்கு. மிகப் பழைய செய்தியின் திகதியும் இரண்டிலும் ஒன்றுதான். அச்சிட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரே கிணற்றுத் தண்ணீரை எனக்கு இரண்டு விலைக்கு விற்றிருக்கிறீர்கள்.

இனி, வீட்டுக்கு வந்து கணக்கை அமைத்துத் தந்த விஷயம். இதை எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

உங்கள் தொழில்நுட்பவியலாளர் தண்டர்பேர்ட் என்ற, மின்னஞ்சலும் யூஸ்நெட்டும் வாசிக்கும் மென்பொருளில் கணக்கைத் திறந்தார். வேலை செய்கிறதா என்று பார்க்க, "டெஸ்ட் 123" என்று ஒரு செய்தியை நேரே கொம்ப்.லாங்.ஃபோர்ட்ரான் குழுவுக்கே அனுப்பிவிட்டார். என் பெயரில். கையொப்பப் பகுதியில் என் கைத்தொலைபேசி இலக்கமும் வீட்டு முகவரியும். நான் தேநீர் எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் அது போய்விட்டது. பரீட்சித்துப் பார்ப்பதற்கென்றே மிஸ்க்.டெஸ்ட், அல்ட்.டெஸ்ட் என்று குழுக்கள் இருக்கின்றன. புதிதாக வருபவர் முதலில் கற்கும் பாடமே அதுதான். மற்றக் குழுக்களில் சோதனைச் செய்தி போடுவது, ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும் அறைக்குள் கதவைத் திறந்து கத்திவிட்டுப் போவது போன்றது.

முப்பது வருடமாக மரியாதையோடு வாசித்துவரும் ஒரு குழுவில், மறுபடி நுழையும்போது என் பெயரில் விழுந்த முதல் சொல் அது. போட்டதை நீக்கும்படி சேர்வர்களைக் கேட்கும் ரத்துச் செய்தி அனுப்பிப் பார்த்தேன். இன்று பெரும்பாலான சேர்வர்கள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. போனது போனதுதான், எத்தனையோ சேர்வர்களில் பிரதி இருக்கிறது. அன்றிரவே குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இரண்டு பேர் அன்பாகவே பதில் தந்தார்கள். ஆனால் அந்தத் தொலைபேசி இலக்கத்தை இனி என்னால் திரும்ப எடுக்க முடியாது.

அதோடு, கணக்கை 119ஆம் போர்ட்டில் (சேர்வரோடு இணையும் வாயில்), எந்த மறைகுறியாக்கமும் இல்லாமல் அமைத்திருந்தார். என் கடவுச்சொல் திறந்த தபாலட்டை போலப் போய்க்கொண்டிருந்தது. டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கத்துடன் 563ஆம் போர்ட் உங்கள் நிறுவனம் தந்த அதே சேவையில் இருக்கிறது. நானே இரண்டு கிளிக்கில் மாற்றிக்கொண்டேன். போகும்போது செய்துகாட்டுவதற்காக அல்ட்.பைனரீஸ் குழு ஒன்றையும் சேர்த்து, எல்லாத் தலைப்புகளையும் இறக்கும்படி விட்டுவிட்டுப் போனார். அப்படிப்பட்ட ஒரு குழுவில் தலைப்புகள் மட்டுமே கோடிக்கணக்கில் இருக்கும். எங்கள் வீட்டில் சிறிய பக்கேஜ்தான். அந்தக் கிழமை முடியுமுன்னே பகல் நேர டேட்டா தீர்ந்துவிட்டது. இணைய வகுப்பு இருந்த என் பேத்தி மாத முடிவுவரை இரவு டேட்டா தொடங்கும்வரை விழித்திருந்து பாடக் காணொளிகளை இறக்கினாள்.

இன்னொன்றும் இருக்கிறது. சந்தாக் கணக்கை உங்கள் கடையின் மின்னஞ்சலில் பதிந்திருக்கிறீர்கள். அதனால் கடவுச்சொல்லை மாற்றவோ, தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தவோ எனக்கு வழியில்லை. அந்த வெளிநாட்டு நிறுவனம் முதல் 14 நாளைக்குள் விலகினால் முழுப்பணமும் திரும்பத் தருவதாகத் தன் நிபந்தனைகளில் எழுதியிருப்பதை நானே பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏப்ரலிலேயே இந்த விஷயம் முடிந்திருக்கும். மே மாதம் நான் பணத்தைக் கேட்டபோது, "டிஜிட்டல் சாமான் திருப்பி எடுக்கிறதில்லை" என்று மட்டும் பதில் வந்தது. என் பற்றுச்சீட்டில் அப்படி ஒரு வரியும் இல்லை.

சரி, எனக்குத் தேவையானது கடைசியில் எங்கே கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து வருபவருக்காவது உங்கள் கடையில் சரியான பதில் கிடைக்கட்டும். புதிய செய்திகளுக்கு இட்டேர்னல் செப்டெம்பர் என்ற சேர்வரில் பதிந்துகொண்டேன். எழுத்துக் குழுக்கள் மட்டும், இலவசம். அப்படி இல்லாமல் கட்டணம் கொடுத்தே எடுப்பதென்றாலும், எழுத்துக் குழுக்களுக்கு மட்டுமான சேவைகள் ஆண்டுக்கு 10 யூரோ அளவில் கிடைக்கின்றன. பழைய செய்திக்கு எந்தச் சந்தாவும் தேவைப்படவில்லை. கூகுள் புதியவற்றை நிறுத்தியதே தவிர, பழைய களஞ்சியத்தை வாசிக்க விட்டிருக்கிறது. 1995இல் தொடங்கிய டெஜா நியூஸ் என்ற யூஸ்நெட் களஞ்சியச் சேவை சேர்த்துவைத்ததை 2001இல் கூகுள் வாங்கியது, அதற்கு முந்திய காலத்தின் பிரதிகளும் பின்னர் சேர்க்கப்பட்டன. மூன்று மாலை தேடி என் கேள்வியைக் கண்டுபிடித்தேன். பதிலும் கீழேயே இருந்தது. "எழுத்து வாசிக்கவா, கோப்பு எடுக்கவா? புதியதா, பழையதா?" என்று அன்று யாராவது கேட்டிருந்தால் எனக்கு ஒரு சதமும் செலவாகியிருக்காது.

ஆகவே நான் கேட்பது இதுதான். இரண்டு கணக்குகளுக்குமான 51,500 ரூபாவையும், பற்றுச்சீட்டில் தனியாகக் காட்டியுள்ள வீட்டு வருகைக் கட்டணம் 2,500 ரூபாவையும் திருப்பித் தாருங்கள். இரண்டு கணக்குகளையும் மூடி, புதுப்பிப்பை நிறுத்தியதற்கான உறுதிப்படுத்தலை எழுத்தில் தாருங்கள். உங்கள் பதிவில் இருக்கும் என் கடவுச்சொற்களை அழியுங்கள். இனி யாருக்கும் கணக்கு அமைத்துத் தருவதானால், அதை வாடிக்கையாளரின் சொந்த மின்னஞ்சலில் பதியுங்கள்.

கணக்குப் பக்கத்தின்படி, உங்கள் ஆள் இறக்கிய தலைப்புகளைத் தவிர நான் பயன்படுத்தியது 40 மெகாபைட்டுக்கும் குறைவு. அந்தப் பக்கத்தின் பிரதி, இரண்டு பற்றுச்சீட்டுகளின் பிரதிகள், 'பாத்' வரிகளின் அச்சு ஆகியவற்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஜூலை 2ஆம் திகதிக்கு முன் எழுத்தில் பதிலை எதிர்பார்க்கிறேன். அதற்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், அந்த அதிகாரசபையிடம் இதே ஆவணங்களோடு முறைப்பாடு செய்வேன். நேரில் பேச விரும்பினால் காலை பத்து மணிக்குப் பிறகு எந்த நாளும் கடைக்கு வரத் தயார். வீட்டுக்கு வந்த தொழில்நுட்பவியலாளரும் அப்போது இருந்தால் நல்லது. மிஸ்க்.டெஸ்ட் குழுவை அவருக்கு நானே காட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
வெள்ளவத்தை வாடிக்கையாளர்
(ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர்)