தீர்மானம் போட்டாயிற்று, அப்புறம்?

அன்புள்ள செல்வம்,

வீட்டில் எல்லோரும் நலம். அக்காவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. ராமநாதன் அதே ராமநாதன்தான், நீ விசாரித்ததாகச் சொன்னேன், பதிலுக்கு அந்தப் பழைய சைக்கிள் கணக்கைக் கேட்கச் சொன்னான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் நகர்மன்றத்தில் அந்தத் தீர்மானம் நிறைவேறிவிட்டது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்ட இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம் (பேரிடர் வந்தால் யார் தலைமை, யாருக்கு என்ன வேலை என்று முன்கூட்டியே வகுத்து வைக்கும் முறை) வழிகாட்டுதலை நகராட்சியும் பின்பற்றும், ஊழியர்களுக்கு அதன்படி பயிற்சி தரப்படும் என்பது தீர்மானம். எதிர்ப்பு இல்லை. கேள்வியும் இல்லை. ஒருவராவது எழுந்து "யாருக்குப் பயிற்சி, எப்போது?" என்று கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"தீர்மானம் போட்டால் வெள்ளம் வடிந்துவிடுமா?" என்று போனில் கேட்டுச் சிரித்தாயே, அது தீயணைப்புத் துறைக்காரன் திமிர். உங்கள் வண்டி ஓரிடத்துக்குப் போய் நின்றால், யார் சொல்வதை யார் கேட்க வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. எங்கள் நிலைமை அப்படியா? மழை நாளில் பொறியியல் பிரிவு ஒரு பக்கம், சுகாதாரப் பிரிவு ஒரு பக்கம், வருவாய்த்துறை ஒரு பக்கம், மின்வாரியம் ஒரு பக்கம். அதற்கு மேல் கவுன்சிலர்கள். ஒரே ஜேசிபி டிரைவரை ஒரே காலையில் நான்கு பேர் நான்கு தெருவுக்கு விரட்டுவார்கள். அவர் யார் சத்தமாகக் கத்துகிறாரோ அவர் தெருவுக்குப் போவார். தண்ணீர் அதிகமாக ஏறிய தெரு எது என்று கேட்க ஆளிருக்காது.

இந்த முறையே அப்படிப்பட்ட குழப்பத்தில் பிறந்ததுதான். 1970-இல் கலிபோர்னியாவில் 13 நாள் காட்டுத்தீ எரிந்தது. 16 பேர் இறந்தார்கள், 700 கட்டடங்கள் போயின, 5 லட்சம் ஏக்கருக்கு மேல் கருகியது. பிறகு உட்கார்ந்து யோசித்தபோது, துறைக்குத் துறை வேறு சொல், வேறு வயர்லெஸ், யார் தலைமை என்பதில் தெளிவின்மை ஆகியவை பெரிய குறைகளாகத் தெரிந்தன. அதிலிருந்து வந்ததுதான் ஒரு தலைமை, எல்லோருக்கும் ஒரே சொல், ஒருவருக்குக் கீழே சுமார் ஐந்து பேர் என்கிற ஏற்பாடு. 2004-இல் அமெரிக்க அரசு அதை நாடு முழுக்கப் பொதுமுறையாக்கியது. உள்ளாட்சிகள் அதை ஏற்றுக்கொண்டால்தான் தயார்நிலைக்கான மத்திய நிதி கிடைக்கும் என்றது. பணத்தோடு முடிச்சுப் போட்டது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பணத்துக்காக ஏற்கிற ஊர் காகிதத்தோடு நின்றுவிடவும் வாய்ப்பிருக்கிறதே!

நம்மிடம் அந்த முடிச்சு இல்லை, ஆனால் சட்டம் இருக்கிறது. சுனாமிக்கு அடுத்த ஆண்டு வந்த 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவைப் படித்துப் பார். உள்ளாட்சி தன் அலுவலர்களுக்கும் ஊழியர்களுக்கும் பேரிடர்ப் பயிற்சி கிடைப்பதை உறுதி செய்ய வேண்டும், கருவிகளை உடனே எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. 2025 திருத்தம் மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனி ஆணையம் அமைக்க வழி செய்தது. எங்களைப் போன்ற நகராட்சி அதில் வராது. எங்களுக்கு அந்த 41-ஆம் பிரிவுதான் பிடிமானம்.

என் கவலை இப்போதுதான் ஆரம்பிக்கிறது. பயிற்சிக்குப் போகிறவர்களின் பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் அலுவலர்கள். நல்லவர்கள்தான், ஆனால் இவர்களில் பாதிப்பேர் அடுத்த மழைக்குள் மாற்றலாகிப் போய்விடலாம். கற்றதும் அவர்களோடு பஸ் ஏறிவிடும். அந்த நாற்காலிக்கு வருகிறவர் பொறுப்பேற்ற முதல் வாரமே பயிற்சி பெற வேண்டும், அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவர் யார் என்று பெயரோடு எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஆணையரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டார்.

அதைவிடப் பெரியது ஒன்று. தண்ணீருக்குள் முதலில் இறங்குவது யார் செல்வம்? தூய்மைப் பணியாளர், வால்வு திறக்கிறவர், லாரி டிரைவர். இவர்களில் பலர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். நகராட்சியின் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாததால் "ஊழியர்" என்ற கணக்கில் வரமாட்டார்கள், பயிற்சிப் பட்டியலிலும் இல்லை. அறுந்த கம்பி கிடக்கும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, அடைத்த சாக்கடைக்குள் ஆள் இறங்கவே கூடாது என்று அவர்களுக்குச் சொல்லித்தராமல் யாருக்குச் சொல்லித்தரப் போகிறோம்? இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒப்பந்தத்திலேயே பயிற்சி நாளும் அந்த நாளுக்கான கூலியும் ஒரு நிபந்தனையாக வர வேண்டும். இதற்காக மட்டும் தனியாகக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருக்கிறது.

தீர்மானத்துக்குப் பிறகு ஓர் ஒத்திகை நடத்தினோம், சின்ன அளவில். பதிவேட்டில் இருந்த மோட்டார் பம்பு கிடங்கில் இருந்தது, அதன் உறிஞ்சு குழாய் வேறொரு கிடங்கில் இருந்தது, அந்தச் சாவி வைத்திருந்தவர் வெளியூரில். பள்ளி மைதானத்தை வண்டிகள் வந்து சேரும் இடமாக வைத்திருந்தோம். வந்த வண்டி எது, எத்தனை பேர் ஏறிப்போனார்கள் என்று எழுத ஒருவரும் இல்லை. கடைசியில் ஆள் எண்ணும்போது இருவர் குறைந்தார்கள். எங்கோ டீ குடிக்கப் போயிருந்தார்கள், கிடைத்துவிட்டார்கள். நிஜ வெள்ளத்தில் அந்த இரண்டு பேரைத் தேடி இன்னும் நாலு பேர் தண்ணீரில் இறங்கியிருப்பார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எந்தப் பாலத்தடியில் முதலில் அடைக்கும் என்று வரைபடத்தை வைத்து எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற வால்வு ஆபரேட்டர் ஒருவர் முன்னால் வந்து, அது இல்லை சார், இது என்று விரலை வைத்தார். காரணமும் சொன்னார். இந்த முறையில் வரும் திட்டமிடும் பிரிவில் அவருக்கு ஓர் இடம் வேண்டும் என்று அங்கேயே கேட்டேன். பதவி என்ன என்று கேட்டார்கள்.

அடுத்த ஒத்திகை பருவமழைக்கு முன்னால். நீ ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வா. வேடிக்கை பார்க்க இல்லை, அந்த மைதானத்து வாசலில் நின்று ஆள் கணக்கு எழுத எங்கள் பையன்கள் இருவருக்குப் பழக்கிக் கொடு. உங்கள் நிலையத்தில் பயன்படுத்தும் வருகைப் பதிவுத் தாளின் நகல் ஒன்றை இந்தத் தபால் கிடைத்ததும் அனுப்பு. உன் கையெழுத்தில் எழுதி அனுப்பாதே, யாராலும் படிக்க முடியாது.

அண்ணிக்கு என் வணக்கம். சின்னவளின் தேர்வு என்ன ஆனது என்று எழுது.

அன்புடன்,
குமார்