ஆபரேஷன் அரை மணி, காவல் பத்து நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெட்டைப் பூனைக்குட்டிக்குக் கருத்தடை ஆபரேஷன் என்பது அரை மணி நேர வேலை. முடிந்ததும் குட்டியைத் துண்டில் சுற்றிக் கையில் கொடுத்து, ‘பத்து நாள் கழிச்சுத் தையல் பிரிக்க வாங்க’ என்பதோடு பல இடங்களில் பேச்சு முடிந்துவிடுகிறது. பழுது வருவது அந்தப் பத்து நாளில்தான். சேலத்திலும் ஏற்காட்டிலும் பூனை வளர்ப்போருக்காக இதை எழுதுகிறேன். கிளினிக் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு.

முதல் இரவு முக்கியம். மயக்கத்தில் இருக்கும்போதும் பூனையின் கண் திறந்தே இருக்கும். விழித்துவிட்டது என்று நினைத்துக் கட்டிலில் விட்டால் உருண்டு விழும். கதவு சாத்திய சின்ன அறையில், தரையிலேயே படுக்க வையுங்கள். மயக்க மருந்து உடல் சூட்டை இறக்கும். சேலத்துச் சித்திரையில் இது தெரியாது. ஏற்காட்டு மார்கழியில் நன்றாகவே தெரியும். வெந்நீர் பாட்டிலைத் தடித்த துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். வெறுமனே வைத்தால், நகர முடியாத குட்டிக்குத் தோல் வெந்துவிடும். எஸ்டேட் லைன் வீடுகளில் விறகடுப்பு இருந்தால் அடுப்பங்கரையை அடைத்துவிடுங்கள். அடுப்பில் பூனை தூங்குவது பழமொழிக்கு மட்டும் உரியதல்ல. குளிர் கண்ட பூனை நேராகச் சாம்பலுக்குத்தான் போகும். ஈரம் காயாத தையலில் சாம்பல் ஒட்டினால் சீழ் வைக்கும்.

மலைக்குத் திரும்புகிறவர்கள், தலை நிற்காத குட்டியோடு வண்டி ஏறக் கூடாது. 20 கொண்டை ஊசி வளைவில் ஏதாவது ஒன்றில் வாந்தி வந்தால், அரை மயக்கத்தில் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். குட்டி தள்ளாடாமல் நாலடி நடந்த பிறகு கிளம்புங்கள். சாக்குப் பை வேண்டாம், காற்றோட்டமான மூடிக் கூடை போதும்.

நிலையாக நின்ற பிறகே தண்ணீர். அன்று இரவு வழக்கமான தீனியில் கால் பங்கு போதும். உப்பு, வெங்காயம், பூண்டு சேராமல் வேகவைத்த கோழி, அல்லது முள் எடுத்த மேட்டூர் ஜிலேபி மீன் கொடுக்கலாம். 24 மணி நேரம் கழிந்தும் எதையும் தொடவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்பு படியும். இரண்டு நாள் மலம் போகாதது சாதாரணம். ஒரு நாள் முழுக்க மூத்திரம் போகாதது அப்படியல்ல. மலத்தொட்டியில் மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாள் போடுங்கள், மணல் தையலில் ஒட்டும். (தங்கள் நாளிதழுக்கு இப்படியும் ஒரு பயன் இருப்பதைப் பொறுத்தருள்க.)

பூனையின் நாக்கு அரம் போன்றது. ஒரு ராத்திரி நக்கினாலே தையல் பிரியும். அதனால் 10 முதல் 14 நாள் வரை, நாக்கு தையலை எட்டாதபடி தலையைச் சுற்றி மாட்டும் கூம்பு கழுத்தில் இருக்க வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிச் செய்யலாம். மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். கழுத்தில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். வெட்டிய ஓரத்துக்குத் துணி பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். ‘பாவம், ஒரு மணி நேரம் கழற்றி விடுவோம்’ என்ற இரக்கத்தில்தான் பாதித் தையல்கள் போகின்றன. சாப்பிடும்போது கழற்றினால், எதிரில் உட்கார்ந்திருங்கள்.

தையல் இடது விலாவில் இருக்கும், அல்லது அடிவயிற்றின் நடுவில். காலை, மாலை இரு வேளை பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் லேசாகச் சிவந்து வீங்கியிருக்கும். நாலைந்தாம் நாளில் பட்டாணி அளவில் கெட்டியாக ஒரு முடிச்சு தட்டுப்படலாம். உள்நூலை உடம்பு கரைக்கிறது, பயமில்லை. மெத்தென்று புடைத்து, தொட்டால் உள்ளே போனால் வயிற்றுச் சுவர்த் தையல் விட்டிருக்கும். அமுக்கிப் பார்க்காமல் உடனே ஓடுங்கள். ஈறு வெளுத்திருந்தாலும் அப்படியே. உள்ளே ரத்தம் கசியலாம்.

மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூச வேண்டாம். எண்ணெய் வாசனை நக்க வைக்கும், மஞ்சள் நிறம் புண்ணின் சிவப்பை மறைக்கும். டெட்டாலும் கூடாது. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் கிட்டே கொண்டு போகாதீர்கள்; அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு விஷம்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது பாராசிட்டமால். குட்டி முனகுகிறதே என்று வீட்டில் இருக்கும் 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் துண்டைப் பாலில் கரைத்துக் கொடுக்கிறார்கள். அதை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்குக் கிட்டத்தட்ட இல்லை. ரத்தம் பழுப்பாகி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு காபிக்கொட்டை நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். இரண்டு கிலோ குட்டிக்கு அந்தக் கால் துண்டே உயிருக்கு உலை வைக்கும். கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், நேரத்தோடு போனால் மாற்று மருந்து உண்டு. வலிக்கு டாக்டர் எடை பார்த்துத் தரும் மருந்து மட்டுமே.

குளிப்பாட்ட வேண்டாம். ஆபரேஷன் ஆன பிறகும் சில நாள் பெட்டையின் வாசனைக்குக் கடுவன் பூனைகள் வரும். மேலே ஏறினால் புண் கிழியும். ஜன்னலைச் சாத்துங்கள்.

கிளினிக்குகளுக்கு: இவ்வளவும் ஒரு தாளின் இரு பக்கத்தில் அடங்கும். தமிழில் அச்சடித்து, கூம்பையும் கட்டணத்தோடு சேர்த்துக் கொடுத்தால் நல்லது. மலையிலிருந்து வருகிறவர்களின் பூனையைக் காலையில் முதலில் எடுங்கள். அவர்களுக்கு, தானே கரையும் நூலில் தோலுக்குள் தையல் போட்டுவிட்டால், புண்ணை வாட்ஸ்அப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். சந்தேகம் என்றால் மட்டும் கீழே வரச் சொல்லலாம்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
கோரிமேடு, சேலம்.