ஓட்டத்துக்கு இயற்கை உணவு: எப்போது, எவ்வளவு?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நண்பர்களோடு சேர்ந்து அதிகாலையில் ஓடுபவர்களில் பலர், கடைகளில் விற்கும் ஜெல் (சர்க்கரைக் கூழ்) பாக்கெட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பேரீச்சம்பழம், தேன், வாழைப்பழம், உலர்திராட்சை போன்றவற்றை நாடத் தொடங்கியிருப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பல ஆண்டுகளாக ஒரு சிறு குழுவோடு விடியற்காலையில் ஓடும் பழக்கமுள்ளவள் என்ற முறையில் அதை வரவேற்கிறேன். எனினும், எதைச் சாப்பிடலாம் என்பதை விரிவாக விளக்கிய அக்கட்டுரை, எப்போது, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதைத் தொடாமலே முடிந்துவிட்டது. ஓடுபவருக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் சாதாரணக் காலை ஓட்டத்துக்கு வழியில் எதையும் சாப்பிட வேண்டிய அவசியமில்லை. நன்றாகச் சாப்பிடும் ஒருவரின் தசைகளிலும் கல்லீரலிலுமாகச் சுமார் 400 முதல் 500 கிராம் வரை கிளைக்கோஜன், அதாவது உடல் சேர்த்துவைக்கும் சர்க்கரை, சேமிப்பில் இருக்கிறது. இரவுத் தூக்கத்தின்போது கல்லீரலில் உள்ள இருப்பு பெருமளவு கரைந்தாலும், ஓடும் கால்களுக்கு நேரடியாகப் பயன்படும் தசைகளின் இருப்பு ஏறக்குறைய அப்படியே இருப்பதால், வெறும் வயிற்றில் அரை மணி நேரம் நிதானமாக ஓடுவது பெரும்பாலோருக்குச் சிரமமாக இருப்பதில்லை. அந்த அரை மணி நேரத்துக்குக் கைநிறையப் பேரீச்சம்பழம் தின்றுவிட்டு, எடை குறையவே இல்லை என்று வருந்துபவர்கள் எங்கள் குழுவிலும் உண்டு.

நீண்ட ஓட்டங்களில் நிலைமை வேறு. ஒரு மணி நேரத்தைத் தாண்டி இரண்டரை மணி நேரம் வரை ஓடுபவர்களுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து (சர்க்கரையும் சேர்ந்த கார்போஹைட்ரேட்) போதும் என்பதே விளையாட்டு உணவியலில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. குடல் குளுக்கோஸை உறிஞ்சும் வேகத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 60 கிராம் என்ற வரம்பு உண்டு. பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் வேறு வழியாக உள்ளே செல்வதால், இரண்டையும் கலந்து எடுத்துக்கொள்ளும் பயிற்சி பெற்றவர்கள் அதைவிட நீண்ட ஓட்டங்களில் 90 கிராம் வரைகூடத் தாங்குகிறார்கள். தேனிலும் பேரீச்சம்பழத்திலும் உலர்திராட்சையிலும் இவ்விரு சர்க்கரைகளும் இயல்பாகவே கலந்திருப்பதுதான், என்னைப் பொறுத்தவரை, அவற்றின் உண்மையான சிறப்பு. 'இயற்கை' என்ற அடைமொழியால் மட்டும் எந்த உணவும் ஓடுபவரின் வயிற்றுக்கு ஒத்துவந்துவிடாது.

இதற்கு ஆய்வுச் சான்றுகளும் உள்ளன. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், 80 நிமிடம் ஓடியபின் 5 கிலோமீட்டர் தூரத்தை வேகமாக ஓடச் சொன்னபோது, உலர்திராட்சை சாப்பிட்டவர்களும் விளையாட்டு வீரர்களுக்கான சர்க்கரை மிட்டாய் சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடித்தார்கள். வெறும் தண்ணீர் குடித்தவர்கள் பின்தங்கினார்கள். அதே ஆண்டில் சைக்கிள் வீரர்களை 75 கிலோமீட்டர் ஓட்டவைத்த மற்றோர் ஆய்வில் வாழைப்பழமும் சர்க்கரைப் பானமும் சமமான பலன் தந்தன. 2019-இல் உருளைக்கிழங்கு மசியலை ஜெல்லோடு ஒப்பிட்டபோதும் முடிவு அவ்வாறே அமைந்தது. ஆனால் வாழைப்பழம் சாப்பிட்டவர்களும் உருளைக்கிழங்கு சாப்பிட்டவர்களும் வயிற்று உப்புசத்தைக் கூடுதலாக உணர்ந்தார்கள் என்பதை இயற்கை உணவை ஆதரித்து எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 60 கிராம் மாவுச்சத்து கிடைக்க 300 கிராமுக்கு மேல் வேகவைத்த உருளைக்கிழங்கு வேண்டும். இரத்த ஓட்டம் தசைகளுக்கும் தோலுக்கும் திரும்பிவிட்ட நேரத்தில் அவ்வளவையும் செரிக்க வேண்டியது, ஒவ்வோர் அடிக்கும் குலுங்கும் வயிறு. சைக்கிளில் அமர்ந்திருப்பவருக்கே உப்புசம் என்றால், ஓடுபவரின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

நடைமுறையில் நாங்கள் கண்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். பேரீச்சம்பழத்தின் கொட்டையை முந்தைய இரவே நீக்கி, இரண்டாகக் கிழித்து, ஒரு சிட்டிகை உப்பைத் தூவி வைத்துக்கொள்வோம். மூச்சு வாங்கும்போது மென்றால் அது பல்லில் ஒட்டிக்கொண்டு தொண்டையில் இறங்க மறுக்கும் என்பதால், சில அடிகள் நடந்தபடி மென்று, ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்குவதே நல்லது. தேன் விரைவாக இறங்கும்; ஆனால் குப்பியின் மூடியிலிருந்து கசிந்து விரல், கைக்கடிகாரம், சட்டை எல்லாம் பிசுபிசுத்துவிடும். வாழைப்பழத்தில் தோலில் கரும்புள்ளி விழும் அளவுக்குப் பழுத்ததே ஏற்றது, அப்போது அதன் மாவு பெரும்பாலும் சர்க்கரையாக மாறியிருக்கும். ஓடுவதற்கு அரை மணி நேரம் முன்பே அதைச் சாப்பிட்டுவிட்டால் வழியில் தொந்தரவு குறைவு. வாழைப்பழம் சாப்பிட்டாலே தசைப்பிடிப்பு வராது என்ற நம்பிக்கையை மட்டும் நான் ஏற்கவில்லை. அதில் நிறைந்திருப்பது பொட்டாசியம், வியர்வையில் நாம் அதிகம் இழப்பதோ சோடியம்.

இரத்தத்தில் உள்ள சோடியம் நீர்த்துவிடும் என்பதால் தண்ணீரையும் அளவில்லாமல் குடிக்கக் கூடாது. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. அந்த நிலை, ஓட்டத்தின்போது மிகுதியாகக் குடித்து உடல் எடை கூடியவர்களிடமே அதிகம் காணப்பட்டது.

குழுவாக ஓடுவதன் அருமை இங்கேதான் தெரியும். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் நீண்ட ஓட்டத்துக்குச் சரியான வேகம் என்பதோடு, வழக்கமாக வாயாடுகிற ஒருவர் திடீரென்று மௌனமாகிவிட்டால் அவருக்குச் சக்தி இறங்குகிறது என்பதைப் பக்கத்தில் ஓடுபவர் உடனே கண்டுகொள்வார். புது உணவை ஒரு நேரத்தில் ஒன்றாக, பயிற்சி நாளில் மட்டுமே சோதிக்க வேண்டும் என்பதும், ஒருவருக்கு ஒத்துக்கொண்டதை மற்றவருக்குத் திணிக்கக் கூடாது என்பதும் எங்கள் எழுதாத விதி. நீரிழிவுக்கு இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே இச்சோதனைகளில் இறங்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும் நேரத்தில் வேகமாக இரத்தத்தில் கலக்கும் குளுக்கோஸ்தான் தேவை. நார்ச்சத்து நிறைந்த பழத்தைத் தேடிக்கொண்டிருக்க அது நேரமல்ல.

இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது ஒவ்வோர் உணவுக்கும் பக்கத்தில் அதன் மாவுச்சத்து அளவையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 27 கிராம், ஒரு மேசைக்கரண்டித் தேனில் 17 கிராம், பெரிய மெட்ஜூல் பேரீச்சம்பழம் ஒன்றில் 18 கிராம், சிறிய வகை ஒன்றில் 5 கிராம் அளவில் இருக்கிறது. இந்த எண்கள் கையில் இருந்தால், தமக்கு வேண்டிய அளவை வாசகர்கள் தாமே கணக்கிட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி