அப்பாவை ரோட்டில் தனியாக விடாதே அக்கா

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நடைபாதையே இல்லாத நம் கடைத்தெரு ரோட்டில் அப்பாவை பைக்காரன் உரசிவிட்டுப் போன சங்கதியை வீடியோ காலில் ஏன் ஒருவரும் சொல்லவில்லை? அன்றைக்கு வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அப்போதே எனக்குச் சந்தேகம்.

நான் நன்றாக இருக்கிறேன். மதியம் கேட்டரிங் சாப்பாடு. சாம்பார் ஆறிப்போயிருக்கும், மற்றபடி குறையில்லை. ராத்திரி சமைக்கிற செல்வம் ஊருக்குப் போயிருப்பதால் ராத்திரிக்கு ரொட்டியும் முட்டையும்தான். அதுவும் வசதியாகத்தான் இருக்கிறது.

இங்கே எங்கள் புளோக்கிலிருந்து, அதாவது அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து, ரயில் நிலையம், கடைகள் எல்லாம் இருக்கிற டவுனுக்கு நடந்தே போய்விடலாம். ரோட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவில் புல்லும் மரமும். பாதித் தூரத்துக்குத் தலைக்கு மேல் கூரை வேறு. ரயில் நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குள் இருக்கிற வீடு, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் கூரைப் பாதை என்று 2013-ல் அறிவித்து, 2018-க்குள் 200 கிலோமீட்டர் போட்டுவிட்டார்கள். சிக்னல் கம்பத்தில் வயதானவர்கள் தங்கள் மூத்தோர் சலுகை அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு இன்னும் சில வினாடி எரியும். அப்பா பார்த்தால் ரோட்டைக் கடக்காமல் அட்டையைக் காட்டிக்கொண்டே நிற்பார்.

இங்கேயும் தகராறு உண்டு. மின் ஸ்கூட்டர்கள் ஆட்களை இடித்துத் தள்ளியதால் 2019 நவம்பரில் நடைபாதையில் தடை போட்டார்கள். சைக்கிள் போகலாம், மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. அதைக் கண்காணிக்கும் வேலையைப் பக்கத்துப் புளோக் சீனத் தாத்தா தானாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். சாயங்காலமானால் பெஞ்சில் உட்கார்ந்து, வேகமாக வரும் சைக்கிளைப் பார்த்தால் கைத்தடியால் கம்பியில் டங்டங் என்று தட்டுவார். என்னைக் கண்டால் மலாயில் "சாப்பிட்டாச்சா?" என்பார். சாப்பிடாவிட்டாலும் தலையாட்டிவிடுவேன். சில நாள் அவர் கேட்கிற அந்த ஒரு கேள்விதான், வேறு பேச்சே இருக்காது.

காலனியிலிருந்து கடைத்தெருவுக்குப் போகும்போது அப்பா நம்மை வயல் பக்கம் விட்டு, தான் ரோட்டுப் பக்கம் நடப்பார், ஞாபகம் இருக்கிறதா? லாரி ஒதுங்கிப் போகட்டும் என்று மடக்கிய குடையை ரோட்டுப் பக்கம் நீட்டிப் பிடித்திருப்பார். இன்னும் அதே குடைதானே? உன் கடிதத்தைப் படித்ததும் கிளம்பி வந்துவிடலாம் போலிருந்தது அக்கா.

சரி, அத்தானிடம் சொல். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் காலனிக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுக்கட்டும். பாதுகாப்பான நடைபாதை மக்களின் உரிமை, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவுக்குள் வருகிறது என்று உச்ச நீதிமன்றமே 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. அதை முதல் வரியிலேயே எழுதச் சொல். கூரையெல்லாம் கேட்க வேண்டாம். ரோட்டோரச் சாக்கடைக்கு மேல் சிலாப் போட்டாலே பாதிப் பாதை கிடைத்துவிடும். வாய்க்கால் பாலத்தில்தான் ஒதுங்க இடமில்லை, அதைத் தனியாகக் குறிப்பிடட்டும். ஹைமாஸ் விளக்கை இதோடு சேர்த்துக் கேட்டுவிடாதீர்கள். விளக்கை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அதுவரை பாப்பாவை டியூஷனுக்கு அத்தானே வண்டியில் கொண்டுபோய் விடட்டும்.

இந்த மாதப் பணம் பதினைந்தாம் தேதிக்கு மேல்தான் வரும். ஓவர்டைம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்லாதே. அடகில் இருக்கிற வளையலை மீட்க அவசரப்பட வேண்டாம், வட்டியை மட்டும் கட்டிவிடு. சீட்டுப் பணத்தை இந்தத் தடவை அத்தான் கட்டட்டும், தீபாவளி போனஸில் திருப்பித் தந்துவிடுகிறேன். அப்பாவின் கையை எக்ஸ்ரே எடுத்தீர்களா இல்லையா? அதற்கு மட்டும் உடனே பதில் போடு.

உன் தம்பி